நடுவில் தூண் இல்லாத பாலம்: பிளென்ஹைம் நிகழ்வு ஆய்வு

2011 ஆகஸ்ட் 28, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் மாநிலத்தில் நார்த் பிளென்ஹைம் என்னும் சிற்றூரில் 1855-லிருந்து நின்றுகொண்டிருந்த கூரைப் பாலத்தை, அதாவது மேலே கூரையும் பக்கங்களில் பலகைச் சுவரும் கொண்ட மரப்பாலத்தை, ஸ்கோஹேரி ஓடை அன்று அடித்துக்கொண்டு போனது. ஐரீன் புயல் அன்று காலையில்தான் நியூயார்க் நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. பயந்த அளவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நகரம் மூச்சு விட்ட நேரத்தில், வடக்கே கேட்ஸ்கில் மலைகளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சில இடங்களில் 11 அங்குலத்துக்கு மேல் மழை. அந்தத் தண்ணீரில் ஒரு பெரிய பங்கு இறங்குகிற வழி ஸ்கோஹேரி. ஓடை என்று பெயர்தான். அன்றைக்கு அது பேராறு.

ஒரு பழைய பாலம் வெள்ளத்தில் போனது என்பதோடு முடிகிற செய்தி அல்ல இது. அந்தப் பாலம் 156 ஆண்டுகள் எப்படி நின்றது, போன பிறகு திரும்பி வர ஏன் ஏழு ஆண்டுகள் ஆயின என்கிற இரண்டு கேள்விகளை இதில் பார்க்க வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் மரத்தில் இருக்கிறது. இரண்டாவதற்கான பதில் 1931-ல் ஊர்ப் பெரியவர்கள் எடுத்த ஒரு தீர்மானத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. நல்ல மனதோடு எடுத்த தீர்மானம் அது. பாலத்தை எண்பது ஆண்டுகள் காப்பாற்றியதும் அதுதான், பிறகு பாலத்துக்காக வாதாட வேண்டிய நிலையை உண்டாக்கியதும் அதுதான்.

ஊரும் ஓடையும்

பிளென்ஹைம் மிகச் சிறிய ஊர். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 377 பேர். ஆனால் அளவுக்கு மீறிய சரித்திரம் அதற்கு உண்டு. நிலப்பிரபுக்களுக்கு வாரம் கொடுக்க மறுத்து 1840-களில் குத்தகை விவசாயிகள் கிளர்ந்தெழுந்த இடங்களில் பிளென்ஹைம் குன்றும் ஒன்று. பக்கத்திலேயே 1819-ல் கட்டிய லான்சிங் மாளிகை இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. அதைக் கட்டிய ஜான் லான்சிங், 1787-ல் அமெரிக்க அரசமைப்புச் சட்டம் எழுதக் கூடிய மாநாட்டிலிருந்து பாதியில் வெளியேறியவர். 1829-ல் ஒருநாள் மாலை மன்ஹாட்டனில் கடிதம் போடப் போனவர், திரும்பி வரவே இல்லை. என்ன ஆனார் என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

ஓடைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. சற்று மேலே கில்போவாவில் 1869 வெள்ளம் கரையை அரித்தபோது கல்லாகிப் போன மரங்களின் அடிக்கட்டைகள் வெளியே தெரிந்தன. சுமார் 38 கோடி ஆண்டு பழைய காட்டின் எச்சங்கள் அவை. உலகின் மிகப் பழைய காடு என்று நெடுங்காலம் பெயர் பெற்றிருந்தன. 1920-களில் நியூயார்க் நகரத்தின் குடிநீருக்காக அங்கே அணை கட்டினார்கள், பழைய கில்போவா கிராமம் நீருக்கடியில் போனது. ஆக, இந்தப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு ஓடை ஒரு ஊரை விழுங்குவதும் ஒரு காட்டைத் திருப்பிக் கொடுப்பதும் புதிதில்லை. பாலம் போன நாளில் அந்தக் கில்போவா அணை உடைந்துவிடுமோ என்பதுதான் கீழே இருந்தவர்களின் பெரிய அச்சம். 2006-லேயே அதைப் பாறையோடு எஃகு வடங்களால் பிணைத்து வலுப்படுத்தியிருந்தார்கள். அணை தாங்கியது. அணையைத் தாண்டி வந்த தண்ணீரைப் பாலம் தாங்கவில்லை.

பவர்ஸ் எடுத்த முடிவு

பிளென்ஹைம் பாலக் கம்பெனி 1855-ல் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து நிக்கோலஸ் மாண்ட்கோமரி பவர்ஸ் என்ற பாலத் தச்சரை வரவழைத்தது. பவர்ஸ் 1817-ல் பிறந்தவர், பிட்ஸ்ஃபோர்ட் ஊர்க்காரர். முதல் பாலத்தை இருபது வயதில் கட்டினார். இருபத்தொன்று நிரம்பாதவருக்கு ஒப்பந்தம் கொடுக்கச் சட்டம் இடம் தராது என்பதால், பையன் மரத்தை வீணாக்கினால் நான் ஈடு கட்டுகிறேன் என்று அப்பா கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அந்தப் பையன்தான் முப்பத்தெட்டாவது வயதில் பிளென்ஹைமுக்கு வந்தார்.

அவர் எடுத்த முடிவு ஒன்றே ஒன்றுதான், மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. நீரில் தூண் வைக்கக் கூடாது. கரைக்குக் கரை 210 அடி, ஒரே தாவல். அந்தக் காலத்தில் மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய நினைப்பது துணிச்சல்தான். சாதாரணக் கூரைப் பாலங்களில் இதில் பாதி தூரமே பெரிய தூரம். அதுவும் ஒரு வண்டி போகும் பாலம் இல்லை இது. இரண்டு வண்டிகள் எதிரெதிராகப் போக இரண்டு தடங்கள் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டு தடத்துக்கு, பாலத்தின் பாரத்தைத் தாங்கும் மூன்று மரச் சட்டகங்கள் தேவைப்பட்டன. இரு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. பாரத்தில் பெரும்பங்கு நடுச் சட்டகத்தின் மேல்தான் விழும் என்பது பவர்ஸுக்குத் தெரியும். அதனால் நடுச் சட்டகத்தைக் கூரையின் முகடு வரை உயர்த்தினார். அதோடு அடுக்கடுக்காக வளைத்துச் சேர்த்த மரங்களால் ஒரு பெரிய வளைவும் வைத்தார். அது பாதைத் தளத்துக்குக் கீழே கரைக் கட்டுமானத்தில் கால் ஊன்றி, முகட்டைத் தொட்டு, மறு கரையில் இறங்கியது. பாலத்துக்குள் நடந்தவர்கள் ஒரு பக்கம் சுவரையும் மறு பக்கம் இந்த வளைவையும் பார்த்தபடிதான் போவார்கள். வளைவு காலடிக்குக் கீழிருந்து எழுந்து தலைக்கு மேலே போய்த் திரும்பவும் இறங்கும்.

சட்டகத்தின் முறை ஸ்டீஃபன் லாங் என்பவருடையது. அமெரிக்க ராணுவத்தின் நில அளவைப் பொறியாளர். 1830-ல் காப்புரிமை வாங்கினார். இந்த முறையில் நான் அதிகம் வியப்பது அதன் ஆப்புகளைத்தான். மேலும் கீழும் நீளவாட்டில் உத்திரங்கள், நடுவே செங்குத்துக் கால்கள், ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி போலக் குறுக்குக் கழிகள். அவற்றில் எதிர்ப்புறமாகச் சாய்ந்த கழியின் நுனிக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஆப்பு வைத்துச் சுத்தியலால் இறுக்குவார்கள். ஆப்பு இறங்க இறங்கக் குறுக்குக் கழிகள் நெருக்கப்படும், செங்குத்துக் கால்கள் இழுபடும். வண்டி ஏதும் ஏறாமலே சட்டகம் முறுக்கேறி நிற்கும். பிறகு வண்டி போகும்போது எந்தக் கழியும் தளர்ந்து ஆடாது. இப்போது கான்கிரீட் பாலங்களில் கம்பிகளை முன்கூட்டியே இழுத்துக் கட்டுகிறார்களே, அதே யோசனைதான். பல ஆண்டுகள் கழித்து மரம் காய்ந்து சுருங்கினால், யாராவது ஒரு சுத்தியலோடு போய் ஆப்பை இன்னும் கொஞ்சம் இறக்கினால் போதும்.

பாலம் எழும்பும்போது ஊரில் பலர் நம்பவில்லை. சாரத்தை எடுத்ததும் தண்ணீருக்குள் போகப் போகிறது என்று பேச்சு. சாரத்தைத் தட்டி எடுக்கிற நாளில் பவர்ஸ் கூரை முகட்டில் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்துகொண்டார், பாலம் விழுந்தால் நானும் அதோடு போகட்டும் என்றார் என்று ஒரு கதை அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வாய்வழிக் கதைகளுக்கு நாளாக நாளாக மெருகு ஏறும் என்பதால் இதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஊர் எவ்வளவு பயந்தது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

ஏன் கூரை என்றால், அழகுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு, குதிரை மிரளாமல் இருக்க என்று சொல்பவர்களும் உண்டு. காரணம் மழைதான். சட்டகத்தின் பொருத்துகளில் தண்ணீர் தங்கினால் மரம் உளுத்துப்போகும். திறந்த மரப்பாலம் பத்து, இருபது வருஷத்தில் மாற்ற வேண்டியதாகிவிடும். மூடினால் நூறைத் தாண்டும். 1805-ல் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்கூல்கில் ஆற்றின் மேல் முடிந்த பாலத்தை அந்தக் கம்பெனியின் தலைவர் நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ் இதே காரணம் சொல்லி மூட வைத்தார். அமெரிக்காவின் முதல் கூரைப் பாலம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பலகையும் ஓடும் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம், சட்டகம் நிலைக்கும். எது தேய வேண்டும், எது நிலைக்க வேண்டும் என்பதை முன்னரே பிரித்து வைத்த கட்டுமானம் அது.

தூண் வேண்டாம் என்ற முடிவு எவ்வளவு சரி என்பதை இதே ஓடை பின்னால் காட்டிவிட்டது. 1987 ஏப்ரல் 5-ல், பிளென்ஹைமிலிருந்து வெகுதூரம் கீழே, ஸ்கோஹேரி மொஹாக் ஆற்றில் சேரும் இடத்துக்கருகே, மாநில விரைவுச் சாலையின் பாலம் வெள்ளத்தில் இடிந்து விழுந்தது. எஃகாலும் கான்கிரீட்டாலும் 1950-களில் கட்டிய பாலம். ஐந்து வாகனங்கள் உள்ளே போயின, 10 பேர் இறந்தார்கள். நீருக்குள் நின்ற தூணின் அடிமண்ணை வெள்ளம் தோண்டி எடுத்துவிட்டதுதான் காரணம். அதற்குப் பிறகு அமெரிக்கா முழுக்கப் பாலத் தூண்களின் அடிமண் அரிப்பைச் சோதிக்கும் முறையே மாறியது. அந்த வருஷமும் பவர்ஸின் மரப்பாலம் அசையாமல் நின்றது. அரிப்பதற்கு அதன் நடுவில் எதுவும் இல்லை.

நினைவுச் சின்னம் என்ற தீர்மானம்

1891 வரை பாலத்தைக் கடக்கச் சுங்கம் கொடுக்க வேண்டும். கார்களும் லாரிகளும் வந்த பிறகு பக்கத்திலேயே எஃகுப் பாலம் எழுந்தது. இப்படி நடந்த ஊர்களில் பழைய பாலத்தை விறகாக்கிவிடுவதுதான் வழக்கம். இந்த ஊர் அடங்கிய ஸ்கோஹேரி கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) மேற்பார்வையாளர் குழு 1931-ல் வேறு விதமாக முடிவெடுத்தது: இதைப் பொதுச் சரித்திர நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்வோம். வண்டிகள் நின்றன, நடப்பவர்கள் மட்டும் போனார்கள். பெருமந்தக் காலம் அது. பழைய மரப்பாலத்துக்கு வரிப்பணம் செலவழிக்க ஒரு சின்ன கவுண்டி முன்வந்தது என்பதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். 1964-ல் மத்திய அரசு அதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அதே 1930-களில் நடந்த இன்னொரு காரியம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேலை இழந்த கட்டடக் கலைஞர்களுக்குப் பிழைப்பு கொடுக்க 1933-ல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது: நாடெங்கும் உள்ள பழைய கட்டுமானங்களை அளந்து வரைந்து ஆவணமாக்க வேண்டும். பிளென்ஹைம் பாலமும் அப்படி அளக்கப்பட்டது. யாரோ சிலர் அளவு நாடாவோடு அந்த இருட்டுக் கூண்டுக்குள் ஏறி இறங்கி, கழி எத்தனை அங்குலம், வளைவு எங்கே தொடங்குகிறது என்று குறித்திருக்கிறார்கள். 2011-ல் பாலம் போனபோது கையில் மிஞ்சியது அந்தக் காகிதங்கள்.

ஆக, வெளிப்பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. பாலத்துக்குப் பெயர் இருந்தது, பட்டயம் இருந்தது, பராமரிப்பும் நடந்தது. ஆனால் ஒரு நினைவுச் சின்னத்தைப் பார்க்கும்போது அது உளுத்துப்போகுமா, எரிந்துபோகுமா என்று கேட்கிற அளவுக்கு, தண்ணீர் எவ்வளவு உயரம் வரும் என்று கேட்கத் தோன்றுவதில்லை. பாலத்தின் மட்டம் 1855-ல் இருந்த மட்டம். மேலே அணையும் நீர்மின் நிலையமும் வந்து, மழையின் போக்கும் மாறிய பிறகும் அது அப்படியே இருந்தது.

2011-ல் தண்ணீர் தளத்தை எட்டியதும் கதை மாறிவிட்டது. அதுவரை மரத்தைக் காத்த பக்கப் பலகைகள், அப்போது ஓடைக்குக் குறுக்கே நின்ற இருநூறு அடிச் சுவர். வெள்ளத்தோடு வரும் மரங்களும் குப்பையும் அதில் வந்து மோதும். மரம் மிதக்கும் பொருள் என்பதால் கீழிருந்து தூக்கலும் சேரும். பக்கவாட்டில் தள்ளுகிற அப்படி ஒரு பலத்துக்கு லாங்கின் ஆப்பும் பவர்ஸின் வளைவும் அமைக்கப்படவில்லை. மேலிருந்து கீழே வரும் பாரத்துக்கு அமைக்கப்பட்டவை அவை. உடைந்த துண்டுகள் ஓடையோரம் வெகுதூரத்துக்குச் சிதறிக் கிடந்தன.

அதே நாளில் இன்னொரு பாலம்

இந்த ஆய்வில் எனக்குத் தெளிவு கொடுத்தது ஓர் ஒப்பீடு. அதே ஆகஸ்ட் 28-ல், அதே புயலில், வெர்மான்டில் ராக்கிங்ஹாம் ஊராட்சியைச் சேர்ந்த பார்ட்டன்ஸ்வில் கிராமத்துக் கூரைப் பாலமும் போனது. வில்லியம்ஸ் ஆற்றின் மேல் 1870-ல் சான்ஃபோர்ட் கிரேஞ்சர் கட்டியது, 151 அடி. லாங் முறைக்குப் பதில் பின்னல் தட்டி போலப் பலகைகளைக் குறுக்கும் நெடுக்கும் அறைந்த சட்டகம். அது சாய்ந்து ஆற்றில் இறங்குவதை ஊர்க்காரர் ஒருவர் படம் பிடிக்க, உலகமே பார்த்தது.

பார்ட்டன்ஸ்வில் பாலம் 2013 ஜனவரியில் திரும்பத் திறந்துவிட்டது. அதே பின்னல் சட்டகம், மரக் கூரை, கொஞ்சம் நீளம் கூட்டி 168 அடி. ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. பிளென்ஹைமுக்கு ஏழு வருஷம்.

பிளென்ஹைம் பாலம் பெரியது, சிக்கலானது, உண்மைதான். ஆனால் பெரிய வித்தியாசம் அது இல்லை. பார்ட்டன்ஸ்வில் பாலத்தில் 2011 ஆகஸ்ட் 27 வரை கார்கள் போய்க்கொண்டிருந்தன. வேலைக்குப் போகவும் கடைக்குப் போகவும் அது வேண்டியிருந்தது, ஊராட்சி அதைக் காப்பீடும் செய்து வைத்திருந்தது. அங்கே ஏதோ ஒரு பாலம் கட்டியே ஆக வேண்டும்; கான்கிரீட்டா, மரமா என்பது மட்டும்தான் பேச்சு. ஊர் மரத்தைக் கேட்டது.

பிளென்ஹைமில் பக்கத்திலேயே சாலைப் பாலம் இருக்கிறது. மரப்பாலம் போனதால் யாருடைய பயணமும் நிற்கவில்லை. வெள்ள நிவாரணம் கொடுக்கும் எந்த அமைப்பும் கேட்கிற முதல் கேள்வி, இழந்த பொருள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்பதுதான். சின்னமாக நின்றுகொண்டிருந்தது என்பதை அந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? மத்திய பேரிடர் நிவாரண அமைப்பான ஃபீமா முதலில் பணம் தர மறுத்தது. கவுண்டி விடாமல் மேல்முறையீடு செய்தது, கடைசியில் ஒப்புதல் கிடைத்தது. அந்தப் பிடிவாதத்தை நான் மதிக்கிறேன். பள்ளத்தாக்கு முழுவதும் வீடுகள் சேற்றில் கிடந்த காலத்தில், ஒரு நடைபாலத்துக்குப் பணம் கேட்பது எளிதான காரியமாக இருந்திருக்காது. அந்த ஆண்டுகளில் வீட்டைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், இந்தச் செலவு இப்போது தேவையா என்று கேட்டிருந்தால் அதுவும் நியாயமான கேள்விதான்.

திரும்பக் கட்டியது

வேலை 2017-ல் தொடங்கியது. பழைய அளவுகளை வைத்து, மூன்று சட்டகம், நடுவில் வளைவு, 210 அடித் தாவல் என்று அதே வடிவம். ஆனால் கட்டிய விதம் வேறு. பவர்ஸ் சாரம் போட்டு ஓடையின் மேலேயே எழுப்பினார்; இவர்கள் கரை நிலத்தில் முழுப் பாலத்தையும் கட்டி முடித்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, உருளைகள் மேல் நகர்த்தி ஓடையைக் கடக்க வைத்தார்கள். இரண்டாவது மாற்றம் உயரம். கரைக் கட்டுமானத்தைப் பழைய மட்டத்தைவிட உயர்த்தி, அடுத்த வெள்ளத்துக்கு வழி விட்டிருக்கிறார்கள். 2018-ல் பாலம் முடிந்தது.

இதைப் பழைய பாலம் என்று சொல்லலாமா? அரசுப் பதிவேடு தெளிவாகப் பதில் சொல்லிவிட்டது: 2015-லேயே தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற தகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பவர்ஸின் கை பட்ட உத்திரம் போய்விட்டது, அதை இருப்பதாகச் சொல்வது அவருக்கே மரியாதையில்லை. உயரத்தை மாற்றியதை மூல வடிவத்துக்குச் செய்த துரோகமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1855-ல் பவர்ஸ் செய்ததும் தன் காலத்து வெள்ளத்தைக் கணக்குப் பார்த்துக் கட்டியதுதான்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது இன்னொன்று. சட்டகத்தைச் செதுக்கவும் வளைவை அடுக்கவும் ஆட்கள் இருந்தார்கள். கூரைப் பாலங்களைப் பழுது பார்த்துப் பிழைக்கும் தச்சர் குழுக்கள் வடகிழக்கு மாநிலங்களில் இன்னும் வேலை செய்கின்றன. காரணம், அங்கே பல பாலங்கள் பயன்பாட்டில் இருக்கின்றன, உடைகின்றன, திரும்பத் திரும்பச் சரிசெய்யப்படுகின்றன. வரைபடம் இருந்து கை இல்லாமல் போயிருந்தால் பிளென்ஹைமில் இன்று ஒரு அறிவிப்புப் பலகை மட்டும் நின்றிருக்கும்.

பிளென்ஹைம் இல்லாத ஆண்டுகளில், உலகின் நீளமான ஒற்றைத் தாவல் கூரைப் பாலம் என்ற பட்டம் கலிஃபோர்னியாவின் பிரிட்ஜ்போர்ட் பாலத்துக்குப் போனது. 1862-ல் கட்டியது அது. எங்கிருந்து எங்கே அளப்பது என்பதில் இரண்டு தரப்புக்கும் பழைய வழக்கு உண்டு. 2011-ல் பாதுகாப்புக் காரணத்தால் மூடி, முழுமையாகப் பழுது பார்த்து, 2021-ல் அதையும் திறந்தார்கள். அதிலும் வண்டிகள் போவதில்லை, நடப்பவர்கள் மட்டும்தான்.

வண்டி போகிற பவர்ஸ் பாலத்தைப் பார்க்க வேண்டுமானால் அவர் பிறந்த பிட்ஸ்ஃபோர்டுக்குப் போக வேண்டும். ஊருக்கு வெளியே ஃபர்னஸ் ஓடையின் மேல் கூலி பாலம் என்று ஒன்று இருக்கிறது. 1849-ல், பிளென்ஹைமுக்கு ஆறு வருஷம் முன்னால் அவர் கட்டியது. சின்னப் பாலம், ஒரே தடம். எதிரே கார் வந்தால் இந்தப் பக்கம் நிறுத்திக் காத்திருந்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும்.